பட்டுவாடா நேர மாற்றம், பீட் இணைப்பு: வேலைப்பளுவை மறுமதிப்பீடு செய்யக் கேட்பது எப்படி?

கேள்வி: தபால்காரர், கிருஷ்ணகிரி மாவட்டம்

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகத் தபால்காரராக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயரையும் அலுவலகப் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எனக்கு எந்த அதிகாரி மீதும் கோபம் கிடையாது. எங்கள் வேலையை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவை மாற்றக் கேட்க வழி உண்டா என்பதே என் சந்தேகம்.

நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சென்ற ஆண்டு வரை எங்கள் நாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடியது. காலை எட்டு மணிக்கு அலுவலகம் வருவோம். பை பிரித்துத் தெருவாரியாகத் தபால் கைக்கு வந்ததும், மேசையில் அதை வீட்டு வரிசைக்கு அடுக்கி, தெருவுக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டு, கையெழுத்து வாங்க வேண்டியவற்றைத் தனியே பட்டியலில் ஏற்றிக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுவோம். மூன்றரை மணிக்குத் திரும்பி, பட்டுவாடா ஆகாதவற்றைக் காரணம் எழுதி ஒப்படைத்துவிட்டு, நாலரைக்கு வீட்டுக்குப் புறப்படலாம்.

இப்போது நான்கு அஞ்சலகங்களின் பட்டுவாடா வேலையை ஒரே மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்பு அலுவலகத்து வாசலிலேயே தொடங்கிய என் பீட் (ஒரு தபால்காரர் தினமும் சுற்றி வர வேண்டிய தெருக்கள்), இப்போது மையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளித் தொடங்குகிறது. அதோடு ஒரு வாரம் காலை ஏழு முதல் மூன்று வரை, அடுத்த வாரம் பகல் பதினொன்று முதல் இரவு ஏழு வரை என்று நேரமும் மாறி மாறி வருகிறது. இருவர் ஓய்வுபெற்ற இடங்கள் நிரப்பப்படாததால், பக்கத்துப் பீட்டில் பாதியை என் பீட்டோடு சேர்த்திருக்கிறார்கள். சாதாரணக் கடிதங்கள் குறைந்துவிட்டன, ஆகவே இரண்டு பீட்டை ஒருவர் பார்க்க முடியும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

சாதாரணத் தபால் குறைந்திருப்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நகர்வதற்கும், ஒரு கையெழுத்துத் தபாலை ஒப்படைப்பதற்கும் ஆகும் நேரம் ஒன்றல்லவே. 2024 பிப்ரவரிக்குப் பிறகு ஓட்டுநர் உரிம அட்டையும் ஆர்.சி. அட்டையும் ஸ்பீடு போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகின்றன. ஏ.டி.எம். அட்டை, காசோலைப் புத்தகம், பாஸ்போர்ட் எல்லாம் முன்பே உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைத்துவிட்டதால், முன்பு ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் யாரும் கேட்காத வக்கீல் நோட்டீஸும் வங்கிக் கடிதமும் இப்போது அன்றன்றே கணக்குக் காட்ட வேண்டிய தபாலாகிவிட்டன.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஓடிபி சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டிய தபால் ஒன்று ஒரு பாட்டியின் பெயருக்கு வந்திருந்தது. உறையில் எழுதியிருந்த கைப்பேசி எண் பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனுடையது. அவர் கூட்டத்தில் இருந்ததால் இரண்டு முறை அழைப்பைத் துண்டித்தார். பாட்டி திண்ணையில் நாற்காலி போட்டு, மோரும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். மூன்றாவது அழைப்பில் மகன் எடுத்து, குறுஞ்செய்தியைத் தேடி, போன மாத சிலிண்டர் எண்ணைப் படித்து, பிறகு சரியான எண்ணைச் சொல்லி முடிப்பதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. பட்டியலில் அது ஒரே ஒரு தபால்தான்.

மாலை முறை வாரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் வந்த தபால் பதினொரு மணி வரை எனக்காகக் காத்திருக்கிறது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போக வேண்டியதைக் கொடுக்கவே மூன்று மணி ஆகிவிடுகிறது, பின் வீட்டுத் தெருக்களை இருட்டில் முடிக்க வேண்டியிருக்கிறது. புதிய மனைப்பிரிவுகளில் பாதி வீடுகளுக்கு எண்ணே கிடையாது. 'தண்ணீர்த் தொட்டி எதிரில்', 'நஞ்சப்பா வீட்டுக்குப் பின்னால்' என்றுதான் முகவரி இருக்கும். கன்னடத்தில் எழுதிய உறைகளும் வருகின்றன. பகலில் யாரிடமாவது கேட்டுப் போய்விடலாம், ஏழு மணிக்குத் தெருவில் கேட்க ஆள் இருப்பதில்லை.

மையத்திலிருந்து பீட் தொடங்கும் இடம் வரை போகும் நேரம் வேலை நேரத்தில் சேருமா? பீட்டை மறுபடியும் அளக்கும்படி நான் தனியாக எழுதிக் கேட்கலாமா, கேட்டால் என்ன ஆதாரம் கையில் இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி, தருமபுரி

தம்பிக்கு வணக்கம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே, அதாவது 2004க்கு முன்பே, நான் இந்தப் பக்கத்து அலுவலகங்களில் இருந்தவன். இந்தக் கேள்வி புதிதல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பயண நேரம். வீட்டிலிருந்து கையெழுத்துப் போடும் இடம் வரை போவது உங்கள் பாடு, அதை யாரும் வேலையாகக் கணக்கிடமாட்டார்கள். ஆனால் தபாலைக் கையில் வாங்கிய பிறகு முதல் வீடு வரை போகும் தூரமும், கடைசி வீட்டிலிருந்து கணக்கு ஒப்படைக்கத் திரும்பும் தூரமும் பட்டுவாடாவைச் சேர்ந்தவை. நீங்கள் சொல்லும் ஆறு கிலோமீட்டர் போகவர பன்னிரண்டு ஆகிறது. பீட் வரைபடத்தில் இந்தப் பன்னிரண்டு ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பட்டுவாடாவை இடம் மாற்றும்போது பெரும்பாலும் விடுபடுவது இதுதான். பழைய வரைபடத்தில் தொடக்கப் புள்ளியை மட்டும் அடித்து எழுதிவிட்டுத் தூரத்தை அப்படியே விட்டுவிடுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, அளக்கும் முறை. தபால்காரரின் வேலைப்பளுவைத் தூரமும், ஒவ்வொரு வகைத் தபாலின் எண்ணிக்கையும் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள், எல்லா வகைக்கும் ஒரே நேரம் என்று வைப்பதில்லை. முதியோர் உதவித்தொகை மணியார்டரில் போய்க்கொண்டிருந்த காலத்தில், மாத முதல் வாரம் ஒவ்வொரு தபால்காரரும் பணக்கட்டோடுதான் கிளம்புவார். கைநாட்டு வைக்க வேண்டும், அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும், பணத்தை இருமுறை எண்ணிக் காட்ட வேண்டும். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வேப்பமரத்தடியில் பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, எங்கள் தபால்காரர் மசிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்ததை ஆய்வுக்குப் போனபோது பார்த்தேன். அதனால்தான் மணியார்டருக்குக் கடிதத்தைவிடக் கூடுதல் நேரம் கொடுத்துக் கணக்கிட்டோம். ஓடிபி தபாலுக்கு நீங்கள் கேட்பதும் அதே நியாயம்தான், ஆகவே அந்த மொழியிலேயே கேளுங்கள். 'வேலை கூடிவிட்டது' என்று எழுதினால் பதில் வராது. 'இந்த வகைத் தபாலுக்கு ஒப்படைக்கும் நேரம் இவ்வளவு ஆகிறது, தற்போதைய கணக்கில் இது தனியாகக் காட்டப்படவில்லை' என்று எழுதினால், கோட்ட அலுவலகத்தில் ஒருவர் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ஓடிபி எல்லா ஸ்பீடு போஸ்ட்டுக்கும் கிடையாது. 2025 அக்டோபர் 1 முதல் அனுப்புபவர் கூடுதலாக ஐந்து ரூபாயும் வரியும் கட்டிக் கேட்டால்தான் அந்த வசதி. பதிவு என்பதும் அதே போல ஐந்து ரூபாய்க்குக் கூடுதல் வசதியாகிவிட்டது. அது கேட்டிருந்தால் பெறுநரிடமோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஸ்பீடு போஸ்ட்டை அந்த முகவரியில் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். ஆக உங்கள் பையில் இருப்பது மூன்று வகை, மூன்றுக்கும் வாசலில் ஆகும் நேரம் வேறு. நீங்கள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 'கையெழுத்துத் தபால்' என்று எழுதினால் சராசரியில் உங்கள் வாதம் கரைந்துவிடும். அட்டவணை போட்டு வகைக்கு ஒரு பத்தி வைத்து எழுதுங்கள்.

மாறி மாறி வரும் நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தபால் எந்த நேரத்தில் வருகிறதோ அதற்கு ஏற்பத்தான் பட்டுவாடா நேரம் அமைய வேண்டும். இரண்டு வேளைப் பட்டுவாடா பெரிய ஊர்களில் முன்பும் இருந்தது. அப்போது காலை வண்டித் தபால் காலையில் போனது, பகல் வண்டித் தபால் மாலையில் போனது. காலையில் வந்ததைப் பதினொரு மணி வரை வைத்திருந்து மாலை முறைக்காரரிடம் கொடுப்பதால் தபாலும் வேகமாகப் போகாது, ஆளுக்கும் நிம்மதி கிடையாது. இதை எழுதும்போது உங்கள் வசதியைச் சொல்லாதீர்கள். அன்று வந்த தபாலில் எத்தனை அன்றே பட்டுவாடா ஆனது என்பதைக் காலை முறை வாரத்துக்கும் மாலை முறை வாரத்துக்கும் தனித்தனியே காட்டுங்கள். மேலே இருப்பவர்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

பதில் 2: கிளை அஞ்சலக உதவி அலுவலர், அஞ்செட்டி மலைப்பகுதி

தோழருக்கு வணக்கம். நகரத்துத் தபால்காரருக்கு எட்டு மணி நேர வேலை, மாதச் சம்பளம் என்றாவது இருக்கிறது. எங்களைப் போன்ற கிராம அஞ்சல் ஊழியர்களின் கதை வேறு. 2018 ஜூலை முதல் எங்களுக்கு நான்கு மணி நேர நிலை, ஐந்து மணி நேர நிலை என்று இரண்டே நிலைகள். என் பதவிக்கு நான்கு மணி நேரம் என்றால் தொடக்க ஊதியம் 10,000 ரூபாய், ஐந்து மணி நேரம் என்றால் 12,000 ரூபாய், இரண்டுக்கும் அகவிலைப்படி தனி. ஐந்துக்கு மேல் கணக்கே கிடையாது. ஆறு மணி நேரம் உழைத்தாலும் காகிதத்தில் ஐந்துதான்.

எங்களுக்கு நேர மாற்றம் என்று யாரும் உத்தரவு போடுவதில்லை, பேருந்துதான் போடுகிறது. பை காலைப் பேருந்தில் வந்தால் பத்து மணிக்குக் கிளம்பலாம். மழையில் மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் பை பகல் ஒரு மணிக்கு வரும், அன்றைய பட்டுவாடா மாலைக்குப் போய்விடும். அக்டோபர் முதல் ஜனவரி வரை பன்னர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று இறங்கும் காலம். ராகி கதிர் முற்றியிருக்கும். அந்த மாதங்களில் ஐந்து மணிக்குப் பிறகு வண்டியில் தனியாகப் போக வேண்டாம் என்று ஊர்க்காரர்களே தடுத்துவிடுகிறார்கள். நான் அந்தத் தபாலை மறுநாளைக்கு வைத்தால், செயலியில் அது தாமதமாகத்தான் பதிவாகிறது. 'யானை' என்று காரணம் போட அதில் இடம் இல்லை.

ஓடிபி விஷயத்தில் உங்களுக்குப் பதினோரு நிமிடம் என்றால் எங்களுக்கு அரை மணி நேரம் கூட ஆகும். என் பீட்டில் இரண்டு ஊர்களுக்குக் கைப்பேசிச் சிக்னல் சரியாகக் கிடையாது. பாறை மேட்டில் ஏறினால் இரண்டு புள்ளி காட்டும். தபாலுக்கு உரியவரையும் அழைத்துக்கொண்டு மேட்டில் ஏறி நின்று எண் வரும் வரை காத்திருந்து கொடுத்திருக்கிறேன்.

இதற்கு மேல் அஞ்சல் வங்கி, அதாவது இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வேலை. 2018 செப்டம்பரில் தொடங்கிய அந்த வங்கிக்காக விரல்ரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. நூறு நாள் வேலைக் கூலி வந்துவிட்டதா என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மண்வெட்டி பிடித்து ரேகையே தேய்ந்திருக்கும். ஒரு விரல் ஏற்காவிட்டால் அடுத்த விரல், அதுவும் ஏற்காவிட்டால் ஈரத்துணியில் துடைத்து மறுபடி முதல் விரல். நவம்பர் வந்தால் ஓய்வூதியர்களுக்கு எழுபது ரூபாய் கட்டணத்தில் உயிர்வாழ் சான்றும் வீட்டிலேயே எடுத்துக் கொடுக்கிறோம். இவற்றுக்கு ஊக்கத்தொகை உண்டு, ஆகவே நேரக் கணக்கில் சேராது என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஊக்கத்தொகை என்பது முடிந்த வேலைக்குத்தான். ஐந்து விரலும் ஏற்காமல் பாட்டி வெறுங்கையோடு திரும்பினால் எனக்கு ஒன்றும் இல்லை, இருபது நிமிடம் போனது போனதுதான்.

ஐயா அவர்களிடம் ஒரு கேள்வி. நான்கு மணி நேர நிலையிலிருந்து ஐந்துக்கு உயர்த்தும்படி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. எங்களைப் போன்றவர்கள் இதற்கு மேல் போக வழி உண்டா?

பதில் 3: தொழிற்சாலைத் தொழிலாளி, ஓசூர்

நான் அஞ்சல் துறைக்காரன் அல்ல, கதவுக்கு உள்ளே இருப்பவன். சிப்காட் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எனக்கும் வாரம் ஒரு ஷிப்ட்: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, இரவு பத்து முதல் ஆறு. போன ஆண்டு என் ஆர்.சி. அட்டை வந்தபோது ஒரு நாள் வேலையில் இருந்தேன், மறுநாள் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன், கதவு தட்டியது கேட்கவில்லை. இரண்டு முறையும் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிப் போய்விட்டார்கள். தபால்காரர் மீது தவறு இல்லை.

மாலைப் பட்டுவாடா வேண்டாம் என்று இங்கே எல்லோரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருவில் இருபது அறைகளும் இரண்டு பெண்கள் விடுதிகளும் உள்ளன. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தால் பூட்டைத்தான் பார்க்க முடியும், மாலை ஆறு மணிக்கு வந்தால் பாதிப் பேர் கிடைப்பார்கள். ஆனால் அதற்காக ஒரே ஆளை ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் மாலையிலும் வரச் சொல்வது எதற்கு? ஷிப்ட் மாறும் வாரத்தின் முதல் இரண்டு நாள் உடம்பு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அறைகள் நெருக்கமாக உள்ள தெருக்களை மட்டும் பிரித்து, வாரத்தில் இரண்டு நாள் மாலையில் போகலாம். தனி வீடுகளும் கடைகளும் பகலிலேயே இருக்கட்டும்.

பதில் 4: ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி, தருமபுரி

ஓசூர் நண்பர் சொல்வது நல்ல யோசனை. நான் மாலைப் பட்டுவாடாவை எதிர்க்கவில்லை, தெருவைப் பார்க்காமல் ஆளை மாற்றுவதைத்தான் எதிர்த்தேன். தம்பி உங்கள் மனுவில் இதைச் சேருங்கள். எந்தெந்தத் தெருவில் பகலில் பூட்டுகள் அதிகம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஒரே தபாலை மூன்று நாள் சுமந்து திரிவதும் வேலைப்பளுதான், ஆனால் எண்ணிக்கையில் அது ஒன்றாகவே நிற்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுத்துப் போனதற்கும் ஒரு பத்தி வையுங்கள்.

அஞ்செட்டித் தம்பிக்கு. கிராம அஞ்சல் ஊழியர் வகிப்பதும் அரசின் கீழ் உள்ள பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே, உங்கள் பதவிக்கு 'துறை சாராத முகவர்' என்று பெயர் இருந்த காலத்திலேயே, சொல்லிவிட்டது. ஆகவே மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் அதை முதல் படியாக எடுக்காதீர்கள். முன்பு கொடுத்த இரண்டு மனுக்களையும் எப்படிக் கொடுத்தீர்கள்? கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அவை இல்லாததற்குச் சமம். இந்த முறை உரிய வழியில், அதாவது உங்கள் மேலதிகாரி மூலமாகக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முறையாக மனுக் கொடுத்து ஆறு மாதம் பதில் வராவிட்டால் தீர்ப்பாயம் போகலாம், அந்த ஆறு மாதம் முடிந்த பிறகு ஓராண்டுக்குள் போக வேண்டும். காலம் கடத்தியதாலேயே நல்ல வழக்குகள் தோற்றதை அறிவேன்.

அதற்கு நடுவே தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கிளையின் வேலைப்பளுவைக் கடைசியாக எந்தத் தேதியில், எந்த நாட்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டார்கள், அந்தத் தாளின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். இந்தியன் போஸ்டல் ஆர்டராகக் கட்டலாம், அதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பதில் 5: கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் தோழருக்கும் ஓசூர் நண்பருக்கும் நன்றி. இன்று மாலை பீட் வரைபடத்தைப் பார்த்தேன். ஐயா சொன்னது போலவே தொடக்க இடத்தை மட்டும் சிவப்பு மையில் மாற்றியிருக்கிறார்கள், மொத்தத் தூரம் பழைய எண்ணாகவே இருக்கிறது. சேர்த்த பாதிப் பீட்டின் தெருக்களும் தனித்தாளில்தான் உள்ளன, தூரக் கூட்டலில் அவை வரவில்லை. இதை நான் இத்தனை நாள் பார்க்காமல் இருந்தது என் தவறு.

நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டேன். சாதாரணம், ஸ்பீடு போஸ்ட், பதிவு சேர்ந்தது, ஓடிபி சேர்ந்தது, மறுமுறை எடுத்துப் போனது, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், வண்டியின் கிலோமீட்டர் எண் என்று எட்டுப் பத்திகள் போட்டிருக்கிறேன். ஓடிபி தபால்களுக்கு மட்டும் வாசலில் நின்ற நிமிடத்தையும் எழுதப் போகிறேன், எல்லாவற்றுக்கும் எழுதினால் அதுவே தனி வேலையாகிவிடும். திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம் எழுதினால் போதுமா?

பதில் 6: ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி, தருமபுரி

போதாது. திங்கட்கிழமைத் தபாலில் ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்ததும் கலந்திருக்கும். ஒரு வாரக் கணக்கைக் காட்டினால் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்து நாட்களையும் தள்ளிவிடுவார்கள். காலை முறை இரண்டு வாரம், மாலை முறை இரண்டு வாரம் என்று நான்கு வாரம் எழுதுங்கள். இடையில் பண்டிகை விடுமுறை வந்தால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வேறொரு வாரத்தைச் சேருங்கள். நீங்கள் விடுப்பு எடுத்த நாளில் உங்கள் பீட்டை யார் பார்த்தார்கள், எத்தனை தபால் மறுநாளைக்கு நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், தாளைக் கிழிக்க வேண்டாம்.

மனு எழுதிய பிறகு பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.